நவம்பர் பதினைந்துக்கு முந்தைய வாரம்

மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேரும் மாணவர் கையில் ஒரு காலத்தில் முதலில் கொடுக்கப்பட்ட கருவி அடிக்கோல். வாடிக்கையாளரின் பெயர் வந்த செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளக்க வேண்டும். அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பெருக்கிப் பார்த்து, அந்தத் தொகையை மாதக் கடைசியில் அறிக்கையாக நீட்ட வேண்டும். இத்தனை லட்சம் ரூபாய் விளம்பரத்தை உங்களுக்குச் சும்மாவே வாங்கித் தந்துவிட்டோம் என்று மார்தட்டுகிற கணக்கு அது. இன்று அடிக்கோலின் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. விளம்பர மதிப்பைக் கொண்டு இந்தத் தொழிலை அளக்கக் கூடாது என்று 2010-ல் பார்சலோனாவில் கூடிய பன்னாட்டு அமைப்புகள் கொள்கையாகவே அறிவித்தன. அதற்குப் பிறகும் அந்தத் தொகையைக் கேட்கிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுக் கொடுக்கப் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

அவர்களுடைய வாரம் பரபரப்பானதுதான். திங்கட்கிழமை விடிந்ததும் பத்திரிகைகளை மேய வேண்டும். எந்த நிருபர் எந்தத் துறையைப் பார்க்கிறார், யார் வேலை மாறிப்போனார் என்று பட்டியலைத் திருத்த வேண்டும். மும்பையிலோ பெங்களூருவிலோ ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை தமிழாக்கத்துக்கு வரும். அதில் தலைமை நிர்வாகி எதையாவது அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைந்துகொண்டே இருப்பார். நட்சத்திர ஓட்டலில் செய்தியாளர் சந்திப்பு என்றால் பெயர் அட்டை, வருகைப் பதிவேடு, அன்பளிப்புப் பை எல்லாம் பயிற்சியாளர் தலையில். அது முடிந்ததும் ஒவ்வொரு நிருபராகக் கூப்பிட்டு, 'சார், மெயில் பார்த்தீங்களா?' என்று கேட்கும் படலம். மறுமுனையில் பெரும்பாலும் ஒரே பதில்: 'டெஸ்க்குக்கு அனுப்பிட்டேம்மா, பார்க்கலாம்.'

இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. கெடு தவறாமை, எழுத்துப் பிழை இல்லாமை, முகம் தெரியாதவரிடம் கூச்சமில்லாமல் பேசுவது ஆகியவை இந்த ஓட்டத்தில்தான் படியும். சிக்கல் வேறு. பாபநாசத்திலிருந்தோ ஒரத்தநாட்டிலிருந்தோ காட்சித் தொடர்பியல் படித்துவிட்டுச் சென்னைக்குப் பயிற்சிக்குப் போகிற பிள்ளை, தன் தொழிலுக்கு மிகவும் தேவையுள்ள ஓர் ஊரை விட்டுவிட்டு, தேவைக்கு மேல் ஆள் இருக்கிற ஊருக்குப் போகிறது.

நவம்பர் முதல் பாதியில் தஞ்சாவூரைப் பார்க்க வேண்டும். சம்பா நட்டு வேர் பிடித்திருக்கும், தாளடி நடவு ஓடிக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை எப்போது கொட்டும், எந்த வாய்க்கால் உடைப்பெடுக்கும் என்று ஊர் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். குறுவையின் கடைசி மூட்டைகள் நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு தேதி வருகிறது: நவம்பர் 15. அண்மை ஆண்டுகளில் சம்பா, தாளடி நெல்லைப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பதிய வழக்கமாக அறிவிக்கப்படும் கடைசி நாள் அதுதான். மழையாலும் விடுமுறையாலும் சில ஆண்டுகளில் அது தள்ளிப்போனதுண்டு. ஆனாலும் தள்ளிப்போகும் என்று நம்பி யாரும் வயலைப் பணயம் வைக்க முடியாது.

2016-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது, பயிர்க்கடன் வாங்கிய விவசாயிக்குக் காப்பீடு கட்டாயம். வங்கியே பிடித்தம் செய்துகொள்ளும். 2020 காரிஃப் பருவம் முதல் எல்லோருக்கும் அது விருப்பத்தின்பாற்பட்டதாகிவிட்டது. சேர்க்கிற வேலையை முன்பு வங்கிக் கணினி செய்தது, இப்போது செய்திதான் செய்தாக வேண்டும். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். பணத்தைப் புரட்டுவதைவிடத் தகவலைப் புரட்டுவது சிரமமாக இருக்கிறது. சிட்டா வேண்டும், நடப்புப் பருவத்து அடங்கல் வேண்டும், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். அடங்கல் தருகிற கிராம நிர்வாக அலுவலர் எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பார்? குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் எதைக் காட்ட வேண்டும்? கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் சர்வர் படுத்துவிட்டால் வேறு எங்கே போவது?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய அறிவிப்பு எப்படி வெளியாகிறது? மாவட்டத்தின் பெயரில் தொடங்கி, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, அரசாணையைத் தொட்டு, பருவத்தை விளக்கி, மூச்சு முட்டும்போது 'பதிவு செய்து பயன்பெறுமாறு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள் தெரிவித்துள்ளார்கள்' என்று முடிகிற ஒற்றை வாக்கியமாக. முற்றுப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கடைசித் தேதி அந்த வாக்கியத்தின் வயிற்றுக்குள் எங்கோ இருக்கும்.

எழுதியவர்கள்மேல் பழி போடுவது நியாயமில்லை. மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் (ஊர் வழக்கில் 'பி.ஆர்.ஓ. ஆபீஸ்') வாரத்தை யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். அமைச்சர் வந்தால் காரோடு ஓட வேண்டும். ஐப்பசி சதய நட்சத்திரம் வந்தால் ராஜராஜன் சதய விழா. ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் வருகிற தொலைபேசி அழைப்பு, காப்பீட்டில் ஒரு கிராமம் விடுபட்டால் வராது. ஓர் அலுவலர், அவருக்கு ஓர் உதவியாளர், ஒரு புகைப்படக்காரர் என்று ஓடும் அலுவலகத்திடம் போய், கடைமடை விவசாயிக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னால் அவர்கள் நேரத்துக்கு எங்கே போவார்கள்?

டெல்டாவில் நல்ல மக்கள் தொடர்பு எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். இந்த மண்ணிலேயே ஒன்று உண்டு, அறுபது ஆண்டுகளுக்கு முந்தையது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1960-ல் நாட்டில் முதலில் ஏழு மாவட்டங்களில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பட்டது. அவற்றில் ஒன்று பழைய தஞ்சாவூர் மாவட்டம். விதை, உரம், கடன், ஆலோசனை நான்கையும் ஒரே கட்டாகக் கொடுப்பது என்பதால் 'பேக்கேஜ் திட்டம்' என்றே பெயர். 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அறுபதுகளின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற ரகத்தைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் ஜப்பானிய நெல், மறுபக்கம் நம் கிச்சிலிச் சம்பா வழிவந்த ஜி.இ.பி. 24 என்ற ஒட்டில் பிறந்தது. நூறு நாளைக்குச் சற்று மேல் வயது, குறுவைக்கு வாகானது.

அந்த ரகத்தை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு திருச்சி வானொலிக்கு. தீவிர வேளாண்மை மாவட்டங்களுக்காக 1966-ல் அகில இந்திய வானொலி தனிப் பண்ணைப் பிரிவுகளைத் தொடங்கியபோது, திருச்சியும் அதில் ஒன்று. 'வயலும் வீடும்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நிகழ்ச்சியின் நடை இன்னும் காதில் இருக்கும். இன்றைக்கு நாற்றங்காலில் என்ன செய்ய வேண்டுமோ அதை இன்றைக்குச் சொல்வார்கள். விஞ்ஞானி பேசினால் பக்கத்திலேயே சாகுபடி செய்தவரும் பேசுவார். விதை எங்கே கிடைக்கும், யூரியா எத்தனை தவணையாக இட வேண்டும் என்று பேச்சு வயலைவிட்டு வெளியே போகாது. கொஞ்ச காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஏ.டி.டி. 27-க்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு விளம்பரப் படம் இல்லை, ஒரு நட்சத்திரம் இல்லை. ஒரு பொருளுக்கு ஊடகத்தின் பெயரையே மக்கள் சூட்டினார்கள் என்றால், எந்த நிறுவனத்தின் மாத அறிக்கையில் அதற்கு விலை போட முடியும்?

வானொலியின் வெற்றியைத் தனியாகப் பாராட்டுவதும் சரியாகாது. ரேடியோ சொன்ன விதை மறுநாள் டெப்போவில் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்தது. ஊருக்குள் வந்து பதில் சொல்லக் கிராம சேவகர் இருந்தார். இவை இல்லாமல் ஒலிபெருக்கி மட்டும் அலறியிருந்தால் டெல்டா விவசாயி அதைக் கேலிப்பொருளாக்கியிருப்பார். கேலியில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அதே ரேடியோ நெல்லின் காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. விளைச்சல் பெருகியதைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த விளைச்சலில் கூலியாளின் பங்கு என்ன என்ற தகராறு கிழக்குத் தஞ்சையில் கொதித்துக்கொண்டிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். சொந்த நிலம் உள்ளவரைக் கேட்போராக வைத்து அமைந்த தகவல் தொடர்பு, அறுவடைக்கு வந்தவரை எந்த அளவுக்குக் கணக்கில் எடுத்தது என்ற கேள்வியை இன்றைய பயிற்சியாளரும் கேட்டுப் பழக வேண்டும். இன்றும் காப்பீட்டு அறிவிப்பை எழுதுகிறவர் மனதில் பட்டாதாரர் இருக்கிறார். குத்தகைதாரரும் கூலியாளும் இருக்கிறார்களா என்பது சந்தேகம்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் டெல்டா பார்த்துவிட்டது. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கத் தனியார் நிறுவனத்துடன் 2010-ல் ஒப்பந்தம் ஆனது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. தன் வயலுக்கடியில் என்ன நடக்கப்போகிறது என்று விவசாயிக்கு விளக்கியவர்கள் அரசுத் தரப்பிலிருந்தோ நிறுவனத் தரப்பிலிருந்தோ வரவில்லை. இயற்கை விவசாயப் போராளி கோ.நம்மாழ்வாரும் ஊர் இயக்கங்களும்தான் வந்தார்கள். ஆழ்துளை, நீர்மட்டம், உப்பு என்று ஊர்ப் பேச்சில் சொன்னார்கள், கேள்வி கேட்டவருக்கு நின்று பதில் சொன்னார்கள். அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் நம்மாழ்வார் காலமானார். அந்த ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்ட திட்டத்துக்கு 2015-ல் மாநில அரசு முற்றாகத் தடை விதித்தது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் இருவேறு கருத்து இருக்கலாம். மக்கள் தொடர்பு என்ற அளவில் பார்த்தால், ஒரு தரப்பு வாய் திறப்பதற்குள் மறுதரப்பு ஊர் ஊராகப் பேசி முடித்துவிட்டது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் முன்னோடியாகச் சொல்லப்படும் ஐவி லீ இதை 1906-லேயே உணர்ந்திருந்தார். அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பாலத்திலிருந்து விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விஷயத்தை அமுக்க நினைப்பதுதான் ரயில் கம்பெனிகளின் வழக்கம். லீ நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப்போனார், நடந்ததை எழுதிக் கொடுத்தார். முதல் பத்திரிகைக் குறிப்பு அதுதான் என்பார்கள். அதே லீ எட்டு ஆண்டுகள் கழித்து லட்லோ சுரங்கத் தொழிலாளர் படுகொலையில் ராக்ஃபெல்லர் தரப்புக்காகத் தவறான தகவல்களைப் பரப்பிப் பெயரைக் கெடுத்துக்கொண்டதையும் பாடத்தில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திரும்ப நம் ஊருக்கு வருவோம். மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. குறுவைக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது மரபு என்றாலும், இத்தனை ஆண்டுகளில் அந்தத் தேதியில் திறந்தது ஏறத்தாழ இருபது முறைதான். 2019-ல் ஆகஸ்ட் 13, 2024-ல் ஜூலை 28 என்றெல்லாம் தள்ளிப்போயிருக்கிறது. திறந்த அன்று மதகின் மேல் மலர் தூவும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். மூன்று நான்கு நாளில் கல்லணையில் விதைநெல்லும் பூவும் தூவும் படம் வரும். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்ற எண்ணும் கூடவே வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்த பிறகு, முறைப்பாசனம் வைத்தால் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்பது மட்டும் வராது. நாற்று விடுவதா, நேரடி விதைப்பா, இல்லை ஒரே சம்பாவாகப் போய்விடுவதா என்று விவசாயி முடிவெடுப்பது அந்தத் தேதியை வைத்துத்தான்.

2025 அக்டோபரில் கொள்முதல் நிலையங்களில் நடந்தது இன்னும் நினைவில் இருக்கும். குறுவை நெல் தேங்கியது, மழையில் நனைந்தது, மூட்டைகளில் முளை விட்டது. 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 ஆக உயர்த்துமாறு மாநில அரசு கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போனது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் அறிக்கைமேல் அறிக்கை விட்டன, புள்ளிவிவரம் பறந்தது. நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டுக் காவல் கிடந்தவருக்குத் தேவைப்பட்டதோ மிகச் சிறிய செய்தி: நாளைக்குச் சாக்கு வருமா, லாரி வருமா, என் டோக்கன் எப்போது? அறிக்கைகளில் அது மட்டும் இல்லை.

கஜா புயலின்போதும் இதேதான். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடப்பதற்கு முன் எச்சரிக்கையும் வெளியேற்றமும் பாராட்டத்தக்க வேகத்தில் நடந்தன. கரையைக் கடந்த பிறகு, தென்னை சாய்ந்து கிடந்த பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்கள் சாலை மறியலுக்கு இறங்கின. மின்சாரமும் நிவாரணமும் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லாததும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம்.

ஆகவே ஒரு யோசனை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகங்களும் ஜூன்-ஜூலையிலும் அக்டோபர்-நவம்பரிலும் ஊதியத்தோடு மாணவப் பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். ஊதியம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024-ல் பிரதமர் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, பெரிய நிறுவனங்களில் பயிலும் இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. கிராமம் கிராமமாகப் பேருந்தில் போய்வர வேண்டிய பிள்ளைக்கு அதற்குக் குறைந்து கொடுத்தால், அப்பா அனுப்பும் பணத்தில் வாழ முடிகிறவர்கள் மட்டுமே வருவார்கள். கூலி வீட்டுப் பிள்ளை வர முடியாது. அந்த வீட்டுப் பிள்ளைதான் இந்த வேலைக்கு மிகவும் வேண்டும்.

அவர்கள் என்ன செய்வார்கள்? வந்த அறிவிப்பை ஊர்க் கடைத்தெருவில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டி, புரியாத இடத்தில் திருத்தி எழுதுவார்கள். கடைசித் தேதியை முதல் வரிக்குக் கொண்டுவருவார்கள். வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு போடுவார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும். இந்த வாரம் வி.ஏ.ஓ. எங்கே, எந்த மையத்தில் கூட்டம் குறைவு என்று தினம் விசாரித்துச் சொல்வார்கள். தேதி முடிந்த பிறகு, எந்தக் கிராமத்தில் பதிவு குறைவு, யாருக்குச் செய்தியே போகவில்லை என்று கேட்டு எழுதி வைப்பார்கள். விடுபட்டவர் பட்டியல்தான் அவர்களுடைய மாத அறிக்கை.

அரசு அலுவலகத்தில் விட்டால் பிள்ளைகளைப் படத்துக்குக் கீழே பெயர் எழுதவும் ஃபைல் தூக்கவும் வைத்துவிடுவார்கள், ஆளுங்கட்சி விளம்பரத்துக்கு இழுத்துவிடுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் வரும். நடக்கக்கூடியதுதான். அதற்காகவே பணி ஆணையில் ஒரு வரி சேர்க்கலாம்: பிரமுகர் நிகழ்ச்சி எதற்கும் இவர்களை அனுப்பக் கூடாது. தனியார் நிறுவனங்களுக்கும் இதில் இடமுண்டு. உர, விதை, டிராக்டர் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் சென்னை நிறுவனங்கள், தங்கள் பயிற்சியாளரை ஒரு வாரமாவது கொள்முதல் நிலைய வாசலில் நிறுத்திப் பார்க்கட்டும். டெல்டா விவசாயியைப் பற்றி அவர்கள் எழுதும் தமிழ் அதன் பிறகாவது மாறும்.

செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு மாவட்டத்துக்கும் தலா பத்துப் பேர், நான்கு மாதம், மாதம் 5,000 என்று போட்டாலும் எட்டு லட்சம் ரூபாய். நான்கு ஆட்சியர்களும் இதைச் செய்ய முன்வர வேண்டும். அக்டோபரில் ஆள் வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே விண்ணப்பம் வாங்கியாக வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைக் கல்லூரிகள் அதற்கு முன்பே ஆட்சியருக்குக் கடிதம் எழுதட்டும்.